பன்னிரண்டாவது ஹேண்டில்பார்

கிளட்ச் கேபிள் இரண்டு விரற்கடை குறைந்தது.

மேப் சார் அதை இழுத்துப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். கேபிள் நீளாவிட்டால் ஹேண்டில்பாராவது கொஞ்சம் குனியுமா என்று அண்ணாந்து பார்த்தார். நேற்றுவரை அடக்க ஒடுக்கமாக இருந்த பழைய ஹேண்டில்பாரின் இடத்தில், ஒரு சாண் அதிக உயரத்துக்குப் புதுசு ஒன்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றது. அது யாருக்காகவும் குனிவதாக இல்லை.

அன்று திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் வண்டி ஓடியாக வேண்டும்.

மேப் சார் என்பது குடியிருப்பில் யாரோ வைத்த பெயர். நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வரைபடம் வரைந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஊரின் சந்துபொந்தெல்லாம் அவர் பேனாவுக்கு அத்துப்படி. அந்தச் சந்துகள் எதிலும் தனக்குத் தெரிந்தவர் என்று ஒருவர்கூட இல்லை என்பது, ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மனைவி கடல் தாண்டி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பிரசவத்துக்கு ஆறு மாதம் என்றுதான் பேச்சு. பிறகு குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள். நடக்கட்டும் என்றாள். இப்போது அது ஓடுகிறது, ஓடுவதைப் பிடிக்க ஆள் வேண்டும் என்கிறாள். இங்கே மேப் சார் தினமும் காலையில் பால்காரரிடம், “ஒண்ணு போதும்” என்பார். சில நாட்களில் அவர் வாய்விட்டுச் சொல்லும் வார்த்தைகளே அந்த இரண்டும்தான்.

இப்படியிருக்கையில்தான் பேரனுக்குச் சட்டை அனுப்பத் தபால் அலுவலகம் போனார். வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு தாடிக்காரர். கையில் ஹெல்மெட். கறுப்பு ஜாக்கெட்டின் முதுகில் ‘விடியல் சவாரி’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

தாடிக்காரர் திரும்பி, “வண்டி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

மேப் சார் தன் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “என்னையா கேக்கறீங்க?”

“உங்களைத்தான்.”

“இருக்கு. பழசு. வீட்டுல அவ ஊருக்குப் போனப்புறம் எடுக்கறதே இல்ல. எங்க போறதுக்கு எடுக்கறது?”

“எங்ககூட வாங்க. ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு மேட்டுத் தண்ணித்தொட்டிகிட்ட நான் இருப்பேன். பதினோரு பேர் இருக்கோம். நீங்க வந்தா பன்னிரண்டு.”

“சும்மா வந்தாப் போதுமா?”

“ரெண்டே விதிதான் சார். ஒண்ணு, ஹேண்டில்பார் உயரமா இருக்கணும். தாழ்வா இருந்தா அம்பது கிலோமீட்டர்ல முதுகு கழண்டுடும். அப்புறம் உங்களைத் தூக்கிட்டு வர இன்னொரு வண்டி வேணும். ரெண்டு, அதை நீங்களே உங்க கையால மாட்டணும். மெக்கானிக்கிட்ட குடுத்தா அது அவர் வண்டி. நீங்க சும்மா மேல ஏறி உக்காந்திருக்கறவர்.”

“மாட்டறது கஷ்டமா?”

தாடிக்காரர் ஒரு கணம் ஹெல்மெட்டைப் பார்த்தார். “ஒரு வாரம் மெனக்கெட்டா ஆயிடும்” என்றார்.

பன்னிரண்டு. அந்த எண் மேப் சாரோடு கூடவே வீட்டுக்கு வந்தது. தன்னையும் சேர்த்து யாராவது கணக்குப் போட்டு எத்தனை நாளாயிற்று! மறுநாளே புது ஹேண்டில்பார் வாங்கிவிட்டார். தாடிக்காரர் அவரைப் போனில் சவாரிக் குழுவிலும் சேர்த்துவிட்டார். குழுவில் யாருக்கும் பெயர் கிடையாது, தொழில்தான். பல் டாக்டர், பேங்க் மேனேஜர், மிலிட்டரி, இப்படிப் பதினோரு பேர்.

இப்போது கேபிளைப் படம் பிடித்து, ‘ரெண்டு விரல் எட்டல. என்ன செய்யலாம்?’ என்று போட்டார்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பேங்க் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது.

‘அட, இது ரொம்ப ஈஸி சார். கேபிளை முன்பக்கமாச் சுத்தி விட்டிருக்கீங்க. டேங்க்கைக் கழட்டிட்டு, அடியில நேராக் கொண்டுவாங்க. குறுக்கு வழி.’

திங்கட்கிழமை, பகல் பதினொரு மணி. அவ்வளவு பெரிய பேங்கை நடத்துகிற மனிதர் வேலையைப் போட்டுவிட்டுப் பதில் சொல்கிறார்! மேப் சாருக்குக் கண் கலங்கியது. பெட்ரோல் டேங்க்கைக் கழற்ற ஒன்றரை நாள் பிடித்தது. அதிலிருந்த பெட்ரோலைப் பிடிக்கச் சமையலறையில் இருந்த எல்லாப் பாத்திரமும் பிடித்தது.

செவ்வாய் மாலை கேபிள் எட்டிவிட்டது. ஆனால் ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பினால் கேபிள் விறைத்து, கிளட்ச் தானாகவே பிடித்துக்கொண்டது.

‘அக்சிலரேட்டர் கேபிள் வழியை மறிக்குது’ என்றார் மிலிட்டரி. ‘அதை அந்தப் பக்கமாச் சுத்தி விடுங்க. எனக்கும் அப்படித்தான் ஆச்சு.’

எனக்கும் அப்படித்தான் ஆச்சு. என்ன அருமையான வாக்கியம்! மேப் சார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அக்சிலரேட்டர் கேபிளைச் சுற்றி விட்டார். டேங்க்கைத் திரும்பவும் மாட்டினார். இரண்டு நட்டு மிச்சம் இருந்தது. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது ஒயர்கள். ஹெட்லைட்டுக்குள் கையை விட்டால் கலர் கலராக ஒரு கொத்து வந்தது. எல்லாவற்றையும் கழற்றி நீளம் கூட்ட வேண்டும். எது எதோடு சேரும் என்பதை அடையாளம் வைக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருக்கலாம்.

மனைவி ஊருக்குப் போகுமுன் சமையலறை டப்பாக்களுக்கு லேபிள் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு பெயரும் இரண்டு தடவை. டப்பாவுக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று. ‘நீங்க மூடியை மாத்திடுவீங்க’ என்று காரணமும் சொல்லியிருந்தாள். மேப் சார் திறப்பது டீத்தூள், சர்க்கரை, உப்பு என்று மூன்றே டப்பாக்கள். மீதி லேபிளெல்லாம் தாளோடு அப்படியே இருந்தன. இரண்டிரண்டு ஜோடி! ஒயரின் இரண்டு முனைக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. இடது இண்டிகேட்டர் கடுகு, வலது சீரகம். ஹெட்லைட் ரவை. ஸ்டார்ட்டர் வெந்தயம். ஹாரன் மிளகு.

புதன்கிழமை மனைவி வீடியோவில் வந்தாள்.

“என்னங்க அது, உங்க பின்னாடி வெந்தயம் தொங்குது?”

“அது ஸ்டார்ட்டர்.”

“நான் டப்பாவுக்குன்னு எழுதிக் குடுத்தேன்!”

“நான் தொறக்கறதே மூணு டப்பாதான். மீதி லேபிள் சும்மாதானே கெடந்தது.”

“அப்ப கடுகு, சீரகம் எதையுமே தொடலியா நீங்க? என்னதான் சாப்பிடறீங்க?”

“அதெல்லாம் ஓடுது. நீ கேளு, ஞாயித்துக்கெழம நான் சவாரி போறேன். பன்னிரண்டு பேரு. ஒரு பல் டாக்டர், ஒரு பேங்க் மேனேஜர்...”

“இவங்களையெல்லாம் எங்க பாத்தீங்க?”

“இன்னும் பாக்கல.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். திரையில் மகள் வீட்டுக் கூரை தெரிந்தது, ஒரு சின்னக் காது தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. மேப் சார் கறுத்துப்போன திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவள் மேல் கோபமில்லை. வீடு பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

நீளம் கூட்டிய ஒயர்கள் ஹேண்டில்பாரின் பக்கத்தில் கொத்தாகத் தொங்கின. அதையும் படம் பிடித்துப் போட்டார். இந்த முறை பல் டாக்டர் வந்தார்.

‘வெளிய தொங்கினா அசிங்கம் சார். பைப்ல ஓட்டை போட்டு உள்ள விடுங்க. ஒரு நூல்ல நட்டைக் கட்டி உள்ள இறக்குங்க. அந்தப் பக்கம் வந்ததும் நூலோட ஒயரைக் கட்டி இழுங்க. வேர் சிகிச்சை மாதிரிதான். அவசரப்படக் கூடாது.’

சட்டைப் பையில் நட்டு தயாராக இருந்தது. வியாழக்கிழமை ஓட்டை போட்டு, நூலை இறக்கி, ஒயரை இழுத்தார். ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. அதில் ஒரு ரப்பர் வளையம் வைக்க வேண்டும் என்பதைப் பல் டாக்டர் சொல்லவில்லை. ஒயர் உரசி உரசி மறுபக்கம் வந்து சேர்ந்தபோது, மிளகின் தோல் ஓர் இடத்தில் உரிந்திருந்ததை மேப் சார் பார்க்கவுமில்லை.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் மாட்டி, வெந்தயத்தை அழுத்தினார். வண்டி உயிர்பெற்றது.

“ஓடுது!” என்று சத்தமாகச் சொன்னார். கேட்க அங்கே யாரும் இல்லை. பரவாயில்லை என்று இன்னொரு தடவை சொன்னார்.

ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினார். சுற்றி விட்ட அக்சிலரேட்டர் கேபிள் விறைத்து, இன்ஜின் ‘உர்ர்ர்’ என்று உறுமியது. பயந்துபோய் வலது பக்கம் திருப்பினார். ஹாரன் அலறியது.

வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல் ஒன்று படாரென்று திறந்தது. கீழ்வீட்டு டீச்சர். மாலையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர்.

“சார், என்ன இது? ஏழாம் வாய்ப்பாடு நடந்துகிட்டிருக்கு!”

“மன்னிச்சிடுங்க டீச்சர். வலது பக்கம் திருப்பினா ஹாரன் அடிக்குது.”

“அப்ப இடது பக்கம் திருப்புங்க.”

திருப்பினார். ‘உர்ர்ர்.’

டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு, “நேரா வைங்க!” என்று கத்தினார். நேராக வைத்ததும் அமைதி வந்தது. “இப்படியே நேராப் போற ரோடா பாத்துப் போங்க சார்” என்று ஜன்னலைச் சாத்தினார்.

சனிக்கிழமை காலையிலிருந்து ஒயரை வெளியே இழுக்கப் பார்த்தார். வரவில்லை. உள்ளே தள்ளப் பார்த்தார். போகவில்லை. ஓட்டையைச் சுற்றி டேப் ஒட்டினார். இப்போது ஹேண்டில்பார் வலது பக்கம் லேசாகத் தலையசைத்தாலே ஹாரன் அடித்தது. மத்தியானம் டீச்சர் தானே இறங்கி வந்துவிட்டார்.

“ஹாரன் ஒயரையே கழட்டி விட்டுடுங்களேன் சார். நீங்களும் தப்பிப்பீங்க, நாங்களும் தப்பிப்போம்.”

நல்ல யோசனை. “மிளகுதான் ஹாரன்” என்று மேப் சார் ஹெட்லைட்டுக்குள் தேடி மிளகை உருவினார். ஹெட்லைட் அணைந்தது. ஹாரன் அடித்தது.

“மிளகுன்னீங்க?”

“கிரீஸ் பட்டு ரெண்டு மூணு லேபிள் விழுந்துடுச்சு டீச்சர். ஞாபகத்துல ஒட்டினேன்.”

“அப்ப ரவையைக் கழட்டுங்க.”

ரவையைக் கழற்றினார். இரண்டு இண்டிகேட்டரும் செத்தன. ஹாரன் அப்போதும் அடித்தது. டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

“அடுத்த வாரம் போகலாமே சார். அவசரமா?”

“நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேன் டீச்சர். எனக்காகக் காத்திட்டிருப்பாங்க.” தனக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்று சொல்லி வருஷக்கணக்காகிவிட்டது.

டீச்சர் போன பிறகு குழுவில் எழுதினார். ‘ஹாரன் நிக்கல. நாளைக்கு என்ன செய்யறது?’

அரை நிமிஷம் போயிற்று. அரை மணி போயிற்று. பதிலே இல்லை. வாரம் பூராவும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த பதினோரு பேரும் கப்சிப்பென்று இருந்தார்கள். மேப் சார் பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தார். எல்லா வாரமும் அப்படித்தான். சனிக்கிழமை மத்தியானத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. திங்கட்கிழமைதான் மறுபடி தொடங்குகிறது. சவாரிக்குத் தயாராகிறவர்களுக்குப் போனைப் பார்க்க நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை முழுக்க மலை, காடு என்று பறந்துகொண்டிருப்பார்கள். அதனால்தான் குழுவில் ஒரு சவாரிப் படம்கூட இல்லை. பறக்கிறவன் படம் எடுப்பானா?

அவர்கள் பறக்கும்போது தான் மட்டும் இங்கே மிளகையும் ரவையையும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? ஆனது ஆகட்டும் என்று மேலே வீட்டுக்குப் போனார். அலமாரியைத் திறந்தார். ஒரு வருஷமாகத் தொடாத வரைபடத் தாளையும் பேனாவையும் எடுத்தார்.

வலது பக்கம் திரும்பினால் கிளட்ச் இன்னமும் தானாகப் பிடித்துக்கொள்ளும், ஹாரன் அடிக்கும். இடது பக்கம் திரும்பினால் உறுமும், ஆனால் கிளட்ச்சைக் கையால் பிடித்துக்கொண்டால் வண்டி பாயாது. ஆகவே வீட்டிலிருந்து தண்ணீர்த்தொட்டிக்கு வலது திருப்பமே இல்லாத வழி வேண்டும். ஊரில் வேறு யாராலும் முடியாத காரியம். மேப் சாருக்கு இருபது நிமிஷம் ஆனது. இரண்டரை கிலோமீட்டர் தூரம் ஒன்பது கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஆனால் முழுக்க முழுக்க இடது. அந்தக் கோடுகளைப் பார்த்தபோது, தான் இத்தனை காலம் வேலை செய்ததே இந்த ஒரு படத்துக்காகத்தானோ என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பால் வாங்க வந்த டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து கை கொடுத்தார். இருவருமாக வண்டியைத் தூக்காத குறையாக இடது பக்கம் பார்க்க நிறுத்தினார்கள்.

“திரும்பி வரும்போது சார்?”

“வரும்போதும் இடதுதான் டீச்சர். சுத்திகிட்டே வந்தா வீடு வந்துடும்.”

“பாத்து மெதுவாப் போங்க.”

போனார். ஒவ்வொரு திருப்பத்திலும் கிளட்ச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உர்ர்ர் என்று ஊரையே எழுப்பிக்கொண்டு போனார். வலது பக்கம் போக வேண்டிய இடங்களில் எல்லாம் மூன்று இடது போட்டுச் சுற்றி வர வேண்டியிருந்தது. அதனால் ஒரே செய்தித்தாள் கடையை மூன்று முறை கடந்தார். முதல் முறை கடைக்காரர் பயந்து ஒதுங்கினார். இரண்டாம் முறை முறைத்தார். மூன்றாம் முறை கையை ஆட்டினார். மேப் சார் தலையாட்டினார். பழக்கமாகிவிட்டது.

தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறும்போது மணி ஏழு இருபத்தைந்து. கண்கள் பதினோரு உயர ஹேண்டில்பார்களைத் தேடின. ஒன்றுகூட இல்லை.

தொட்டியின் நிழலில், கல் மேடையில், கறுப்பு ஜாக்கெட் போட்ட தாடிக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹெல்மெட். ஒரு பெரிய பிளாஸ்க். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பேப்பர் கப்புகள். எதிலும் டீ ஊற்றிய கறையே இல்லை.

ஒரு வாரம், ஒன்பது கிலோமீட்டர், எல்லாம் வீண். இருபத்தைந்து நிமிஷத்தில் கோட்டை விட்டாயிற்று.

“மன்னிச்சிடுங்க சார், வலது பக்கம் திரும்ப முடியல, சுத்திகிட்டு வரதுக்குள்ள நேரமாயிடுச்சு” என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

தாடிக்காரர் எழுந்து வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கிளட்ச் கேபிளை விரலால் தொட்டு, அது போகும் வழியெல்லாம் தடவிக்கொண்டே போனார். ஹேண்டில்பாரின் உச்சியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். மெல்ல வலது பக்கம் திருப்பினார். ஹாரன் அலறியது. அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“உங்க சவாரியைக் கெடுத்துட்டேன்” என்றார் மேப் சார். “நீங்களும் எனக்காகப் பின்தங்கிட்டீங்களா? மத்தவங்க எந்தப் பக்கம் போனாங்க சொல்லுங்க. இடது பக்கம்னா நான் எப்படியாவது போய்ப் பிடிச்சிடறேன்.”

தாடிக்காரர் அடுக்கிலிருந்து இரண்டு கப்புகளை உருவி, டீயை ஊற்றி ஒன்றை அவரிடம் நீட்டினார்.

“எங்க சார் போயிருக்காங்க, அவங்கவங்க வீட்டுல உக்காந்து இன்னும் கேபிளைத்தான் இழுத்துகிட்டிருக்காங்க, நானே பஸ்லதான் வந்தேன், ரெண்டு வருஷத்துல வண்டியோட வந்து சேந்த மொத ஆளு நீங்கதான்!”